அரவைபா பள்ளத்தாக்கு: ஒரு நாளைக்கு 50 பேர் போதுமா?

சாண்ட்லர் கதிர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நவம்பரில் எங்கள் குழு எட்டுப் பேர் அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் அரவைபா பள்ளத்தாக்குக்குப் போய் ஓர் இரவு தங்கலாம் என்று இருக்கிறோம். பெர்மிட் பார்த்தால் சனி, ஞாயிறு எல்லாம் நிரம்பிவிட்டது. விசாரித்தால், ஒரு நாளைக்கு மொத்தமே 50 பேரைத்தான் விடுவார்களாம். மேற்கு வாசலில் 30, கிழக்கு வாசலில் 20. சும்மா காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கும் பெர்மிட் வேண்டுமாம்.

19,410 ஏக்கர் காட்டுக்கு 50 பேர் என்பது ரொம்பக் குறைவாகப் படுகிறது. அப்படி என்ன இருக்கிறது அங்கே? எந்தப் பக்கம் நுழைவது நல்லது, தண்ணீர் எவ்வளவு ஆழம், என்ன காலணி போடுவது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓடைக்கரை எழுதியது:

கதிர், நான் டூசானில் இருக்கிறேன். அரவைபா எனக்கு மிகவும் நெருக்கமான இடம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 19,410 ஏக்கர் கணக்கு. வரைபடத்தில் அவ்வளவு இருப்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி செங்குத்துப் பாறையும் மேலே காய்ந்த மேட்டு நிலமும். சில இடங்களில் சுவர் 1,000 அடி உயரம். மனிதர்கள் நடப்பதெல்லாம் அடியில் ஓடும் ஒரே ஓடையில். நீளம் சுமார் 11 மைல், அகலம் சில இடங்களில் ஒரு தெரு அளவுகூட இருக்காது. அங்கே போட்ட பாதை கிடையாது, அம்புக்குறி கிடையாது. ஓடையில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி நடக்க வேண்டியதுதான். ஆகவே 50 பேரும் அந்த ஒரு தண்ணீரில்தான் இருப்பார்கள். கூடாரம் போடத் தோதான மேட்டுத் திட்டுகளும் கொஞ்சம்தான்.

இரண்டாவது, அந்தத் தண்ணீர். சோனோரா பாலைவனத்தில் வருடம் முழுக்க ஓடும் ஓடை அபூர்வம். மேலே கிழக்கில் அரவைபா பள்ளத்தாக்கு அகலமாக இருக்கிறது, அங்கே ஓடைப் படுகை பெரும்பாலும் மணல்தான். மழைநீர் அந்த வண்டலுக்குள் இறங்கி நிலத்தடியிலேயே மெதுவாக நகர்ந்து வருகிறது. கலியூரோ மலைப் பாறை இரண்டு பக்கமும் நெருக்கும் இடம் வந்ததும் அந்த நீருக்குப் போக வழியில்லை. வயலில் வரப்பு மறித்தால் நீர் ஏறுவது போல மேலே வந்துவிடுகிறது. அங்கே தொடங்கும் ஓடைதான் பள்ளத்தாக்கு முழுக்க ஓடுகிறது. மேற்கே வெளியே வந்து சான் பெட்ரோ ஆற்றைத் தொடுவதற்குள் பல மாதங்களில் மறுபடி மணலுக்குள் போய்விடும். மேலே யாராவது நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கீழே ஓடை மெலியும். அவ்வளவு நுட்பமான ஏற்பாடு.

மூன்றாவதுதான் முக்கியம்: மீன். இந்த ஓடையில் ஏழு வகை நாட்டு மீன்கள் இருக்கின்றன. அரிசோனாவில் வேறு ஓடைகளில் வெளியூர் மீன்கள் புகுந்து நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிட்ட நிலையில், இத்தனை வகை சேர்ந்து உயிரோடு இருக்கும் இடங்கள் மிகச் சில. ஸ்பைக்டேஸ், லோச் மின்னோ என்ற இரண்டும் 1986-இல் கூட்டாட்சி அரசின் பாதுகாப்புப் பட்டியலில் ஏறின. 2012-இல் அழியும் அபாயத்தில் உள்ளவை என்று இன்னும் மேல்நிலைக்கு மாற்றினார்கள்.

லோச் மின்னோவைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். விரல் நீளம்தான் இருக்கும். மற்ற மீன்களுக்கு மிதக்க உதவும் காற்றுப்பை இதற்குச் சுருங்கிவிட்டது. அதனால் நீரோட்டம் வேகமாக, ஆழமில்லாமல், சலசலவென்று ஓடும் இடத்தில் கூழாங்கற்களுக்கு நடுவே அடியோடு ஒட்டிக் கிடக்கும். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி. வசந்தத்தில் ஆண் மீனின் உடம்பிலும் துடுப்புகளிலும் சிவப்பு ஏறும். முட்டையைத் தட்டையான கல்லின் அடிப்பக்கத்தில் ஒட்டி வைக்கும், ஆண் காவல் இருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள்: ஓடையைக் கடக்க நாம் தேர்ந்தெடுப்பது எந்த இடம்? ஆழமில்லாத, கல் நிறைந்த, சலசலக்கும் அதே இடம்தான்.

50 பேர் ஏன் என்று கேட்டீர்கள். என் பதில் அந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது.

குமரேசன் எழுதியது:

ஓடைக்கரை சொல்வது சரிதான், ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. இது பொது நிலம், எல்லோருடைய வரிப்பணத்திலும் நடப்பது. நான் ஒரு முறை வாரநாளில் உள்ளே போனபோது, பெர்மிட் முழுக்க விற்றுவிட்டது என்று இணையம் காட்டிய நாளில், வழியில் பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். முன்பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பவர்கள் நிறைய. கட்டணம் குறைவு என்பதால் ‘இருக்கட்டும்’ என்று எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நேரமும் இணையமும் கையில் உள்ளவர்கள் மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுகிறார்கள். ஷிஃப்ட் வேலை செய்கிறவர்களுக்கு எப்போது லீவு என்பதே கடைசி வாரத்தில்தான் தெரியும். அவர்களுக்கு இந்த இடம் கிடைக்கவே கிடைக்காது.

எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லவில்லை. வராதவர்களின் இடத்தை அடுத்தவருக்குத் தரும் வழியாவது இருக்க வேண்டும்.

ஓடைக்கரை எழுதியது:

குமரேசன், இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். போக முடியாது என்று தெரிந்த உடனே ரத்து செய்துவிடுவது நம் கையில் இருக்கிறது. ரத்தான இடங்கள் இணையத்தில் மறுபடி வருகின்றன. கடைசி வாரத்தில் தினமும் ஒரு முறை பார்த்தால் வாரநாட்களில் கிடைக்கிற வாய்ப்பு நன்றாகவே உண்டு. கதிர், நீங்களும் அப்படிப் பாருங்கள். எட்டுப் பேருக்கு ஒரே நாளில் கிடைப்பது கஷ்டம், நான்கு நான்காகப் பிரிந்தால் சுலபம். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் கூடாது என்பதும் விதி.

பறவைப்பித்தன் எழுதியது:

மீன் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் மேலே பார்க்கச் சொல்கிறேன்.

200-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. காரணம் மரங்கள். ஓடைக் கரையில் காட்டன்வுட், சிக்கமோர், வில்லோ, ஆஷ் எல்லாம் ஓங்கி நிற்கும். அங்கிருந்து கொஞ்ச தூரம் ஏறினால் சவாரோ கள்ளி. இரண்டு உலகமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் நம்பிய பறவைகளும் சேர்ந்தே இருக்கும்.

இந்த இடத்துக்கென்றே உள்ள பறவை என்றால் காமன் பிளாக் ஹாக் என்ற பருந்து. பெயரில் காமன் (சாதாரணம்) என்று இருந்தாலும் அமெரிக்காவில் தென்மேற்கு ஓடைக்கரைகளை விட்டால் வேறெங்கும் சுலபமாகப் பார்க்க முடியாது. உடம்பு முழுக்கக் கறுப்பு, வாலில் அகலமான வெள்ளைப் பட்டை, மஞ்சள் கால். மார்ச் மாதம் தெற்கிலிருந்து வரும், இலையுதிர் காலத்தில் திரும்பிப் போகும். உயரமான காட்டன்வுட்டில் கூடு. வேட்டை தண்ணீரில்: மீன், தவளை. தாழ்ந்த கிளையிலோ கல்லிலோ உட்கார்ந்து ஓடையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கூடு இருக்கும் மரத்தடியில் நாம் நின்றால் விடாமல் கத்தும். அப்படிக் கத்தினால் படம் எடுக்க நிற்காமல் நகர்ந்துவிடுங்கள். நாம் நிற்கிற நேரமெல்லாம் அது குஞ்சுக்கு இரை தேடப் போகாத நேரம்.

காலையில் கேன்யன் ரென் என்ற சின்னப் பறவை பாடும். ஆள் கண்ணில் படாது, குரல் மட்டும் மேல்ஸ்தாயியில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கி வரும். பாறைச் சுவர் அதைத் திருப்பித் தரும். இதைக் கேட்பதற்காகவே ஓர் இரவு உள்ளே தங்கலாம்.

விலங்குகளில் பாறை விளிம்புகளில் பிக்ஹார்ன் ஆடு. கீழே இருந்து பார்த்தால் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, அசைந்தால்தான் தெரியும். பைனாகுலர் கட்டாயம். நீள மூக்குள்ள கோவாட்டி கூட்டமாக வாலைத் தூக்கிக்கொண்டு போகும். காட்டுப்பன்றி மாதிரி இருக்கும் ஹவலீனா உண்டு. இரவில் வரிவால் கொண்ட சின்ன விலங்கான ரிங்டெயில் வந்து பையைக் குடைந்துவிடும், சாப்பாட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள் அல்லது கெட்டியான டப்பாவில் வையுங்கள். மலைச் சிங்கம் இருக்கிறது, ஆனால் ஈர மணலில் தடத்தைப் பார்ப்பதோடு சரி. வெயில் காலத்தில் ராட்டில் பாம்புகளுக்காகக் கை வைக்கும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் பார்த்து வையுங்கள்.

மீனா எழுதியது:

இழையைப் படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள். 68 வயது, நன்றாக நடப்பார்கள், முழங்கால் மட்டும் கொஞ்சம் வலி. பையனுக்கு ஏழு வயது. இவர்களைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச தூரமாவது உள்ளே போய்வர முடியுமா? நாயும் இருக்கிறது.

ஓடைக்கரை எழுதியது:

மீனா, நாய் கூடாது. அதில் விலக்கே கிடையாது.

பையனுக்குப் பிரச்சினை இருக்காது, தண்ணீர் பெரும்பாலும் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைதான். இடையிடையே இடுப்பளவு குழி வரும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மாவைத்தான் யோசிக்க வேண்டும். அடியில் எல்லாம் உருண்டைக் கல், பாசி வழுக்கும், ஒவ்வோர் அடியும் சமன் செய்து வைக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுதான் சிரமம். மேற்கு வாசலில் காரிலிருந்து இறங்கி ஓடைவரை போகும் பாதை கொஞ்சம் சரிவு, திரும்பும்போது அது ஏற்றம். அங்கே ஓடையைத் தொட்டு, காட்டன்வுட் நிழலில் உட்கார்ந்துவிட்டு வரலாம். அதற்கும் பெர்மிட் வேண்டும் என்பதால் பலர் அதைச் செய்வதில்லை.

டூசான் பக்கம் வந்தால் சபீனோ கேன்யனுக்கு அழைத்துப் போங்கள். அங்கே உள்ளே போக வண்டி ஓடுகிறது, அம்மா ஏறி உட்கார்ந்துகொண்டே பள்ளத்தாக்கையும் சவாரோவையும் பார்க்கலாம். இதைச் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. எல்லோரும் வண்டியில் போகக்கூடிய இடமும் வேண்டும், வண்டியே நுழையாத இடமும் வேண்டும். அரவைபா இரண்டாவது வகை. காட்டை இயற்கையாகவே விட்டுவைக்கும் 1964-ஆம் வருட வில்டர்னெஸ் சட்டப்படி உள்ளே மோட்டார் கூடாது, சைக்கிள்கூடக் கூடாது.

மாறன் எழுதியது:

நல்ல தகவல்கள். ஆனால் எல்லோரும் ‘மனிதர் கால் படாத இடம்’ என்கிற தொனியில் பேசுவது எனக்கு நெருடுகிறது. இங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். கிழக்குப் பக்கம் டர்க்கி க்ரீக் என்ற கிளைப் பள்ளத்தாக்கில் பாறைக்குடைவில் கட்டிய ஒரு சின்ன வீடு இன்னும் நிற்கிறது, பழங்காலத்தில் இங்கே வாழ்ந்த சலாடோ மக்கள் கட்டியது. அதற்கு வெகு காலம் கழித்து இந்த ஓடை அரவைபா அப்பாச்சி பழங்குடி மக்களின் வீடு.

1871 தொடக்கத்தில் அவர்களின் தலைவர் எஸ்கிமின்சின் சமாதானம் கேட்டு, ஓடை சான் பெட்ரோவில் சேரும் இடத்தருகே இருந்த கேம்ப் கிராண்ட் ராணுவ முகாமுக்கு வந்தார். அங்கே அதிகாரியாக இருந்த லெப்டினன்ட் ராயல் விட்மன் அவர்களை முகாமுக்குப் பக்கத்தில் தங்கவைத்து உணவும் கொடுத்தார். ராணுவத்துக்காகப் புல் வெட்டி விற்றுச் சம்பாதித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். ஏப்ரல் 30 விடியற்காலையில் டூசானிலிருந்து திரண்டு வந்த கும்பல் அவர்களைத் தூக்கத்திலேயே கொன்றது. வெள்ளையர்கள் சிலர், மெக்சிக்கர்கள், டோஹோனோ ஓடம் என்ற வேறொரு பழங்குடி மக்கள் என்று மூன்று தரப்பும் அதில் இருந்தது. இறந்தவர்கள் நூறுக்கும் மேல். ஏறக்குறைய அனைவரும் பெண்களும் குழந்தைகளும், ஏனென்றால் ஆண்கள் பலர் வேட்டைக்குப் போயிருந்தார்கள். உயிரோடு பிடித்த குழந்தைகளை அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். ஜனாதிபதி கிராண்ட் வற்புறுத்தியதால் வழக்கு நடந்தது. ஜூரிகள் 19 நிமிடத்தில் எல்லோரையும் விடுவித்தார்கள்.

கொலை நடந்த இடம் வில்டர்னெஸ் எல்லைக்கு வெளியே, ஓடையின் கீழ்ப்பகுதியில். மேற்கு வாசலுக்குப் போகும்போது அந்தப் பக்கமாகத்தான் கார் போகும். அந்த மக்களின் சந்ததியினர் இன்று சான் கார்லோஸ் அப்பாச்சி நிலத்தில் இருக்கிறார்கள். ஆகவே ‘யாருமில்லாத காடு’ என்று சொல்லும்போது, எப்படி யாருமில்லாமல் போனது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

சாண்ட்லர் கதிர் எழுதியது:

மாறன் அண்ணா, இது எனக்குத் தெரியவே தெரியாது. குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். அந்தப் பாறை வீட்டைப் பார்க்கப் போனால் உள்ளே நுழையலாமா?

மாறன் எழுதியது:

வெளியே நின்று பாருங்கள் தம்பி. சுவரில் சாய வேண்டாம், மேலே ஏற வேண்டாம். மண் பூசிய சுவர் அது, பூசியவர்களின் கைவிரல் பதிவு போன்றவை ஒருமுறை உதிர்ந்தால் போனதுதான். பானை ஓடு கிடந்தால் கிடந்த இடத்திலேயே விடுங்கள்.

குமரேசன் எழுதியது:

வெள்ளம் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக் காலம். நம் தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கும், பல மைல் தள்ளிப் பெய்த மழை ஓடையில் வந்துவிடும். 1983 அக்டோபரில் வந்த வெள்ளம் கரையிலிருந்த மரங்களையே பிடுங்கிக்கொண்டு போனது. கூடாரத்தை எப்போதும் மேட்டுத் திட்டில் போடுங்கள். ஓடை திடீரென்று கலங்கினால் காரணம் யோசிக்காமல் மேலே ஏறுங்கள்.

ஓடைக்கரை எழுதியது:

குமரேசன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்கு ஆபத்தான அந்த வெள்ளம்தான் இந்த நாட்டு மீன்களுக்குக் காவல். அவை இந்தத் திடீர் வெள்ளத்தோடு வளர்ந்தவை, நீர் பாயும்போது எங்கே ஒதுங்குவது என்று அவற்றுக்குத் தெரியும். தேங்கிய, அமைதியான நீருக்குப் பழகிய வெளியூர் மீன்கள் அடித்துக்கொண்டு போய்விடும். அணை கட்டி வெள்ளத்தை அடக்கிய ஆறுகளில் நாட்டு மீன் அழிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அரவைபாவில் அணை இல்லை.

கீழிருந்து வெளியூர் மீன் நீந்தி ஏறிவராமல் இருக்க 2001-இல் ஓடையின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட் தடுப்புகள் கட்டினார்கள். கொலராடோ ஆற்று நீரை டூசான்வரை கொண்டுவரும் பெரிய கால்வாய் வழியாகப் புது மீன்கள் பரவும் என்ற கவலையில் செய்தது. பெரிய மனிதக் கட்டுமானம் எதுவும் வேண்டாம் என்று விட்ட ஓடையைக் காப்பாற்ற அதன் வாசலிலேயே கான்கிரீட் போட வேண்டியிருந்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நாம் செய்யக்கூடியது சின்னதுதான். கல்லை அடுக்கிக் குளிக்கக் குட்டை கட்டாதீர்கள். ஓடைக்குள் கிடக்கும் கல்லை எடுத்துக் கரையில் கோபுரம் அடுக்காதீர்கள். தூண்டில் இரைக்காக எங்கிருந்தோ பிடித்த மீனை வாளியில் கொண்டுவந்து விடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். கடக்கும்போது பத்துப் பேர் பத்து வழியில் போகாமல் ஏற்கெனவே மிதிபட்ட ஒரே வழியில் போங்கள். சோப்பு, ஷாம்பு ஓடைக்குள் வேண்டவே வேண்டாம்.

மீனா எழுதியது:

பையன் முதல் வேலையாகக் கல்லைத்தான் புரட்டுவான்! அவனிடம் லோச் மின்னோ அப்பா காவல் இருக்கும் கதையைச் சொன்னேன். ‘அப்போ அது வீட்டுக் கூரையா?’ என்று கேட்டுவிட்டு, புரட்ட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அம்மாவோடு சபீனோவுக்கும், பையனோடு மட்டும் தனியாக அரவைபாவுக்கும் என்று முடிவு செய்துவிட்டோம். நாய் பக்கத்து வீட்டில்.

சாண்ட்லர் கதிர் எழுதியது:

இழையைத் தொடங்கும்போது 50 குறைவு என்று எழுதினேன். இப்போது அந்த எண் புரிகிறது. குமரேசன் சொன்ன வராதவர்கள் பிரச்சினைக்குத் தீர்வு வர வேண்டும் என்பதிலும் மாற்றமில்லை.

நீங்கள் சொன்னபடியே தேடினேன், நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை நான்கு பேருக்கு மேற்கு வாசலில் கிடைத்துவிட்டது. மீதி நால்வர் வசந்தத்தில் போவதாக ஏற்பாடு. இன்னும் மூன்று சந்தேகம்: கிழக்கு வாசலில் கார் விட்டுவிட்டுக் குறுக்கே நடந்து முடிக்கலாமா, காலணி என்ன, குடிதண்ணீர் எடுத்துப் போகணுமா?

ஓடைக்கரை எழுதியது:

குறுக்கே நடக்கலாம், ஆனால் கார் விவகாரம் பெரிய வேலை. இரண்டு வாசலுக்கும் இடையே நேர் சாலை கிடையாது, மலையைச் சுற்றிப் பல மணி நேரம் ஓட்ட வேண்டும். க்ளோண்டைக் பக்கம் கிழக்கு வாசலுக்குப் போகும் வழி ஓடையைச் சில இடங்களில் கடக்கும், உயரமான வண்டிதான் சரிப்படும். முதல்முறை என்றால் மேற்கில் நுழைந்து ஐந்தாறு மைல் போய், தங்கி, அதே வழியில் திரும்புங்கள். ஹார்ஸ் கேம்ப் கேன்யன் பக்கம் போனால் பாறைக் குழிகளில் நீர் நிற்கும், அழகான இடம். மேற்கு வாசலுக்கு வின்கெல்மன் தாண்டி 77-ஆம் சாலையில் தெற்கே வந்து அரவைபா சாலையில் திரும்ப வேண்டும், கடைசிப் பகுதி சரளை, சாதாரண கார் போகும். உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் நிலம், அங்கே வழியை விட்டு விலகாதீர்கள்.

காலணி: செருப்பு கூடாது, கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ் அல்லது பழைய ஓட்டக் காலணி. தண்ணீர் உள்ளே வந்து வெளியே போய்விடும் துணி மேல்பாகம் இருந்தால் நல்லது. நவம்பரில் தண்ணீர் சில்லென்று இருக்கும், நாள் முழுக்க அதில்தான் கால். நனைந்தாலும் சூடு காக்கும் நியோப்ரீன் (ஒரு வகை ரப்பர்) சாக்ஸ் வாங்குங்கள். கூடாரத்தில் போட ஒரு ஜோடி உலர்ந்த கம்பளி சாக்ஸ் தனியாகக் கட்டி வையுங்கள். இரவில் நன்றாகக் குளிரும். கைக்குச் சமன் பிடிக்க ஊன்றுகோல் ஒன்று.

குடிதண்ணீர் சுமக்க வேண்டாம், ஓடை நீரை வடிகட்டியோ கொதிக்க வைத்தோ குடிக்கலாம். மேலே மாடு மேய்கிற நிலம் உண்டு, அப்படியே குடிக்காதீர்கள். போன் சிக்னல் உள்ளே கிடைக்காது, திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். குப்பை முழுக்கத் திரும்ப எடுத்து வர வேண்டும்.

நவம்பர் நடுவில் காட்டன்வுட் இலை மஞ்சளாகியிருக்கும். பிளாக் ஹாக் அப்போது இருக்காது, பறவைப்பித்தன் கோபித்துக்கொள்வார்.

பறவைப்பித்தன் எழுதியது:

கோபமில்லை. கதிர், அந்த வசந்தக் குழுவோடு நானும் வரலாமா? பெர்மிட் கிடைத்தால் சொல்லுங்கள், ஒரு பைனாகுலர் கூடுதலாகக் கொண்டுவருகிறேன்.

சாண்ட்லர் கதிர் எழுதியது:

தாராளமாக வாங்க ஐயா. தேதி உறுதியானதும் தனிச்செய்தியில் சொல்கிறேன்.